கப்படோக்கியா: பலூனிலிருந்து இறங்கிய பிறகு

ஏப்ரல் கடைசியில் அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு நான்கு நாள் துருக்கியின் கப்படோக்கியா போகிறோம், எந்த வீடியோவைப் பார்த்தாலும் ஆளை ஏற்றிப் பறக்கும் வெப்பக்காற்று பலூன்தான் வருகிறது, அது தவிர அங்கே என்ன இருக்கிறது, நிலத்தடி நகரமும் குகை ஹோட்டலும் அறுபது தாண்டியவர்களுக்கு ஒத்துவருமா என்று கேட்டிருக்கிறீர்கள். பலூன் ஒரு மணி நேரச் சமாச்சாரம். மீதி நேரமெல்லாம் பார்க்கவேண்டியது அந்த ஊரின் பாறையை. அது எங்கிருந்து வந்தது, மனிதர்கள் அதை என்னவெல்லாம் செய்தார்கள் என்று கொஞ்சம் தெரிந்துகொண்டு போனால் நான்கு நாள் பற்றாது. தெரியாமல் போனால் இரண்டாம் நாள் மதியமே "இன்னொரு குகையா?" என்று அப்பா கேட்டுவிடுவார்.

பாறைக் கதையிலிருந்து தொடங்குகிறேன். துருக்கியின் நடுவே, கடல்மட்டத்துக்கு ஆயிரம் மீட்டருக்கு மேலே இருக்கும் மேட்டுநிலம் இது. கிழக்கே எர்ஜியஸ் மலை, 3,900 மீட்டர் தாண்டிய உயரம். தென்மேற்கே ஹசன் மலை, 3,200 மீட்டருக்கு மேல். இரண்டும் எரிமலைகள். "இந்த இரண்டும் கக்கிய சாம்பல்தான் இந்த ஊர்" என்று வழிகாட்டிகள் எல்லோரும் சொல்வார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் கணக்கு உதைக்கும். இங்குள்ள கோரெமே, ஸெல்வே என்ற ஊர்களின் பக்கம் நிற்கும் பாறைக் கூம்புகளின் சாம்பல் ஏறக்குறைய 90 லட்சம் ஆண்டுப் பழசு. எர்ஜியஸ் இன்றைய உருவத்துக்கு வளர்ந்தது அதற்கு வெகுகாலம் பிந்தி. அந்தச் சாம்பலைக் கக்கிய வாய்கள் நெவ்ஷெஹிருக்கும் டெரின்குயுவுக்கும் இடைப்பட்ட சமவெளியில் உள்ளே சரிந்து, பின்னால் வந்த படிவுகளுக்கு அடியில் புதைந்துவிட்டன என்கிறார்கள் எரிமலை ஆய்வாளர்கள். வெடித்ததும் ஒரே ஒரு தடவை இல்லை. லட்சக்கணக்கான ஆண்டு இடைவெளியில் திரும்பத் திரும்ப, கொதிக்கும் சாம்பலும் வாயுவும் நுரைக்கல்லும் கலந்து தரையோடு தரையாகப் பாய்ந்து பள்ளங்களை நிரப்பியிருக்கிறது. அப்படிப் படிந்து இறுகியதுதான் டஃப் என்ற இந்தப் பாறை.

எல்லாப் படிவும் ஒரே கெட்டியாக இறுகவில்லை. கீழே பொருபொரு என்ற அடுக்கு, மேலே சூட்டில் ஒட்டிக்கொண்ட கடினமான அடுக்கு, சில இடங்களில் அதற்கும் மேலே எரிமலைக் குழம்பு உறைந்த கரும்பாறை. மழைநீரும், விரிசலில் புகுந்து குளிர்காலத்தில் உறையும் தண்ணீரும், கிஸில்இர்மாக் ஆற்றுக்கு ஓடும் ஓடைகளும் மென்மையான அடுக்கை அரித்துக்கொண்டே போக, மேலே கடினமான பாறை மூடிய இடம் மட்டும் தூணாக மிஞ்சியது. துருக்கியில் இவற்றைப் பெரிபஜாசி என்பார்கள், தேவதைகளின் புகைபோக்கி. பாஷாபாக் என்ற இடத்தில் ஒரே தூணில் இரண்டு மூன்று தலைப்பாறை உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம். தலைப்பாறை விழுந்துவிட்டால் அந்தத் தூணுக்கு நாள் எண்ண ஆரம்பிக்கலாம். கூம்பாகக் கூர்ந்து, குறுகி, கரைந்துவிடும். ஒரே பள்ளத்தாக்கில் தலையோடு நிற்பது, தலையிழந்தது, முக்கால்வாசி கரைந்தது எல்லாம் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். எது எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள், அரை மணி நேரம் ஓடிவிடும்.

மனிதனுக்கு இந்தப் பாறையில் கிடைத்த வசதி, அது புது வெல்லம் மாதிரி ஆயுதத்துக்கு இணங்கும், காற்றுப் பட்டபின் மேல்தோல் இறுகிக்கொள்ளும் என்பது. சாதாரண இரும்புக் கொத்து போதும். மரம் குறைவான நாடு, குளிர்காலத்தில் பனி கொட்டும், கோடையில் வெயில் கொளுத்தும். பாறைக்குள்ளே வருடம் முழுக்க ஏறத்தாழ ஒரே சூடு. வீடு கட்டுவதைவிட வீட்டைக் குடைவது லாபம். குடும்பம் பெருகினால் இன்னொரு அறை தோண்டினால் ஆயிற்று. சமைக்கத் தரையிலேயே குழி வெட்டி அடுப்பு; அதற்குப் பெயர் தந்தூர். திராட்சையை மிதித்துச் சாறெடுக்கத் தொட்டி, அதிலிருந்து சாறு வழியக் கால்வாய், தானியக் குழி, மாட்டுத் தொழுவம், தீவனத் தொட்டி, சுவரில் மாடம் எல்லாமே ஒரே பாறையில். நீங்கள் நுழையும் குகைகளில் முக்கால்வாசி வெறும் பொந்துபோலத்தான் தெரியும். தரையையும் சுவரின் கீழ்ப்பகுதியையும் பாருங்கள். அந்த அறை என்ன வேலைக்கு இருந்தது என்பது அங்கேதான் தெரியும்.

இதெல்லாம் பழங்கதை என்று நினைக்கவேண்டாம். ஓர்த்தாஹிசார் என்ற ஊரைச் சுற்றிப் பாறைக்குள் குடைந்த கிடங்குகள் இன்றும் வியாபாரத்தில் இருக்கின்றன. மத்தியதரைக் கடலோரத்தில் விளையும் எலுமிச்சை லாரி லாரியாக இங்கே வந்து, மாதக்கணக்கில் இருட்டில் படுத்துக் கிடந்து, தோல் மெலிந்து சாறு கூடியபிறகு சந்தைக்குப் போகிறது. அந்தக் குளிர்ச்சியைப் பாறையே கொடுத்துவிடுகிறது. உருளைக்கிழங்கும் இப்படித்தான். சுற்றுலாப் பேருந்துகள் அந்த ஊரில் கோட்டைப் பாறையைப் படம் எடுத்துவிட்டுப் போய்விடுகின்றன. எனக்கு அந்தக் கோட்டையைவிடக் கிடங்கு வாசலில் அடுக்கிய பெட்டிகள்தான் பிடிக்கும்.

இன்னொன்று புறாக்கூடு. பள்ளத்தாக்குகளில் செங்குத்துப் பாறையின் உயரத்தில் சின்னச் சின்ன ஓட்டைகள் வரிசையாக இருக்கும். சுற்றிலும் வெள்ளைப் பூச்சு, சிலவற்றில் செங்காவி நிறத்தில் பூ, சக்கரம், மரம் வரைந்திருப்பார்கள். உள்ளே முழு அறை, சுவரெல்லாம் கூடு. கறிக்காக மட்டும் இவ்வளவு பாடு படவில்லை. எரிமலை மண்ணுக்குப் புறா எச்சம் அருமையான உரம். திராட்சைத் தோட்டக்காரர் வருடத்துக்கு ஒருமுறை கதவை உடைத்து அள்ளிவிட்டு மறுபடி அடைத்துவிடுவார். பூச்சு வழுவழு என்று இருப்பதால் நரியும் மரநாயும் பிடித்து ஏறமுடியாது. கைவிடப்பட்ட தேவாலயங்கள் பலவற்றின் வாசலையும் அடைத்து இப்படிக் கூடாக்கிவிட்டார்கள். வெளிச்சமும் ஆள்நடமாட்டமும் இல்லாமல் போனதால் உள்ளே ஓவியம் பிழைத்தது.

அந்த ஓவியங்களுக்காகத்தான் கோரெமே திறந்தவெளி அருங்காட்சியகம். இன்றைய கைசேரிதான் பழைய சிசேரியா. நான்காம் நூற்றாண்டில் அங்கே பிஷப்பாக இருந்த புனித பாசில் வகுத்த துறவு விதிகள் கிழக்குத் திருச்சபைக்கே அடிப்படை. இந்தப் பக்கம் துறவிகள் கூடியதற்கு அந்த மரபு ஒரு காரணம். ஆனால் இப்போது நாம் பார்க்கும் கிறிஸ்தவக் கோயில்களும் ஓவியங்களும் பெரும்பாலும் பத்திலிருந்து பதின்மூன்றாம் நூற்றாண்டுக்குள் வந்தவை. கட்டடத்தில் இருக்கிற தூண், வளைவு, குவிமாடம் எல்லாவற்றையும் அப்படியே பாறையில் செதுக்கியிருக்கிறார்கள். தூண் எதையும் தாங்கவில்லை. பாறை தானாக நிற்கிறது. சில இடங்களில் தூண் உடைந்து விழுந்து, மேல்முனை மட்டும் கூரையிலிருந்து தொங்கிக்கொண்டிருக்கும். இதை அம்மாவுக்குக் காட்டத் தவறாதீர்கள். சில கோயில்களில் பாறைமேலேயே செங்காவியால் கோடு, கட்டம், விசித்திரமான பூச்சி என்று வரைந்திருப்பார்கள். பார்பரா கோயில் அப்படி. சிலவற்றில் சுண்ணாம்புச் சாந்து பூசி முழு ஓவியம். கரான்லிக் என்ற இருட்டுக் கோயிலுக்கு ஒரே ஒரு சின்ன ஜன்னல். 1950கள் வரை புறாக்கூடாகக் கிடந்தது. வண்ணம் இன்றும் அவ்வளவு கெட்டியாக இருக்கிறது. அதற்குத் தனிக் கட்டணம், கொடுத்துவிடுங்கள். டோக்காலி கோயில், அருங்காட்சியக வாசலுக்கு வெளியே, கொஞ்சம் கீழே தள்ளி இருப்பதால் பாதிப்பேர் பார்க்காமலே போய்விடுகிறார்கள். அதே சீட்டுதான் அதற்கும். அந்தப் பகுதியிலேயே பெரியது, அந்த நீலத்தை வேறெங்கும் பார்க்கமுடியாது. படம் எடுக்க உள்ளே அனுமதியில்லை. எட்டு மணி வாக்கில் போங்கள். பத்து மணிக்குமேல் வரிசை.

நிலத்தடி நகரம் பற்றிக் கேட்டீர்கள். டெரின்குயு சுமார் 85 மீட்டர் ஆழம் இறங்குகிறது, அதில் ஒரு பகுதிதான் திறந்திருக்கிறது. மேல்தளத்தில் தொழுவம், கீழே போகப் போகச் சமையலறை, கிடங்கு, கோயில். காற்றுக்கூண்டுகள் செங்குத்தாக 50 மீட்டருக்குமேல் இறங்கிக் கிணறாகவும் பயன்பட்டிருக்கின்றன. வழியை அடைக்க ஆட்டுக்கல் வடிவில் வட்டக் கதவுக்கல். உள்ளேயிருந்து மட்டும் உருட்டி மூடலாம், நடுவில் ஓட்டை வழியே ஈட்டி நீட்டலாம். இருபதாயிரம் பேர் மாதக்கணக்கில் வாழ்ந்தார்கள் என்று சொல்வார்கள். அத்தனை பேருக்குக் கழிவும் விறகுப் புகையும் எங்கே போயிற்று என்று யோசித்தால் அந்த எண்ணை நம்ப எனக்கு மனம் வரவில்லை. வருடம் முழுக்கக் குடியிருந்த ஊராக அல்லாமல், படை வரும்போது இறங்கி ஒளியும் இடமாக நினைத்துப் பார்த்தால் எல்லாம் பொருந்துகிறது. ஏழாம் நூற்றாண்டிலிருந்து அரபுப் படைகளுக்கும் பைசாந்தியப் பேரரசுக்கும் நடுவே இந்த நிலம் மிதிபட்டுக்கொண்டே இருந்தது. அந்தப் பழக்கம் நம் பாட்டன் காலம் வரை வந்திருக்கிறது: இங்கே பேசப்பட்ட கிரேக்க மொழியை ஆராய 1909 முதல் வந்துபோன டாக்கின்ஸ் என்ற ஆங்கிலேய அறிஞர், அதானாவில் படுகொலை நடந்த செய்தி கேட்டு ஆக்ஸோ என்ற ஊர் மக்கள் பாதாள அறைகளில் இறங்கிச் சில இரவுகள் மேலே தூங்கவே வரவில்லை என்று பதிவு செய்திருக்கிறார்.

உங்களுக்கு நான் டெரின்குயு சொல்லமாட்டேன். குனிந்தபடி ஏறி இறங்கும் நீண்ட படிக்கட்டு. முழங்காலும் முதுகும் சொல்லிவிடும். கைமக்லி என்ற இன்னொரு நிலத்தடி நகரம் அவ்வளவு ஆழமில்லை, பக்கவாட்டில் பரவியது, திறந்திருப்பது நான்கு தளம். அங்கேயும் குனிந்துதான் நடக்கவேண்டும். மூச்சிரைப்பு, இதய நோய், மூடிய இடத்தில் பயம் இருந்தால் முதல் தளத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடலாம், அங்கேயே தொழுவமும் கதவுக்கல்லும் பார்த்தாயிற்று. திறந்தவுடன் போய்விடுங்கள். குழுக்கள் வந்துவிட்டால் ஓராள் வழியில் எதிரெதிரே மாட்டிக்கொள்வீர்கள். உள்ளே சில்லென்று இருக்கும், மேலே ஒரு சால்வை போதும்.

இங்கே வாழ்ந்தவர்கள் எங்கே போனார்கள் என்ற கேள்விக்குப் பதில் இரண்டு. 1923 ஜனவரியில் லோசானில் துருக்கியும் கிரேக்கமும் கையெழுத்திட்ட உடன்படிக்கையின்படி, இங்கிருந்த ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் கிரேக்கத்துக்கும், அங்கிருந்த முஸ்லிம்கள் இங்கேயும் மாற்றப்பட்டார்கள். போனவர்களில் பலருக்குத் தாய்மொழி துருக்கி. அதைக் கிரேக்க எழுத்தில் எழுதிவந்தவர்கள். முஸ்தஃபாபாஷா என்ற ஊர் அப்போது சினாசோஸ். அதன் ஆண்கள் இஸ்தான்புல்லில் கருவாடும் மீன்முட்டையும் விற்றுச் சம்பாதித்துக் கட்டிய செதுக்குக்கல் மாளிகைகள் இன்றும் நிற்கின்றன. கூட்டமில்லாத ஊர், மேடுபள்ளமும் குறைவு, பெரியவர்களுடன் ஒரு மாலை அங்கே நடக்கலாம்.

இரண்டாவது, பாறையே விரட்டியது. ஸெல்வேயில் 1952 வரை குடும்பங்கள் குகையில்தான் இருந்தன. கோயிலும் மசூதியும் மாவரைக்கும் ஆலையும் ஒரே பள்ளத்தாக்கில் பார்க்கலாம். பாறை பிளந்து விழும் ஆபத்தால் பக்கத்தில் புது ஊருக்கு மாற்றினார்கள். சாவுஷினிலும் பாறைமுகம் சரிந்து பழைய ஊர் காலியானது. இதைவிடக் கொடுமை துஸ்கோய், கராயின், சாரிஹிதிர் என்ற மூன்று ஊர்களுடையது. அங்கே பாறையில் எரியோனைட் என்ற இழைவடிவக் கனிமம் இருக்கிறது. கல்லை வெட்டி வீடு கட்டி, அதே மண்ணால் பூசி, பிறந்ததிலிருந்து அந்தத் தூசியைச் சுவாசித்த மக்களுக்கு நுரையீரல் உறையில் மெசோதெலியோமா என்ற புற்றுநோய் தலைமுறை தலைமுறையாக வந்தது. 1970களில் துருக்கி மருத்துவர் இஸ்ஸெத்தின் பாரிஷ்தான் இதை உலகுக்குக் காட்டினார். பழைய ஊர்களைக் காலிசெய்து மக்களை வேறிடத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். சுற்றுலாப் பாதையில் இந்த ஊர்கள் வராது. இருந்தாலும் குகையில் வாழ்வது எவ்வளவு சொகுசு என்று ஹோட்டல் விளம்பரம் சொல்லும்போது எனக்கு இந்த மூன்று பெயரும் ஞாபகம் வரும்.

அந்த ஹோட்டலுக்கு வருகிறேன். "குகை அறை" என்று போட்டிருப்பதில் பாதி, வெட்டிய கல்லால் வளைவாகக் கட்டிய அறை. உண்மையான குகை அறையில் ஜன்னல் இருக்காது, ஈரவாடை வரலாம், கூரையிலிருந்து மணல் உதிரும், போன் சிக்னல் கிடைக்காது. அப்பா அம்மாவுக்குக் கட்டிய அறையே நல்லது, உங்களுக்கு ஆசையானால் ஓர் இரவு குகை. முன்பதிவு செய்யும்போது அறைக்கு எத்தனை படி ஏறவேண்டும் என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். கோரெமேயும் உச்ஹிசாரும் மலைச்சரிவு ஊர்கள், லிஃப்டுக்கு இடமே இல்லை. ஏப்ரல் இரவில் நன்றாகக் குளிரும், அறையில் ஹீட்டர் உண்டா என்பதும் முக்கியம்.

நடக்காமல் திரும்பாதீர்கள். உச்ஹிசாரிலிருந்து புறாப் பள்ளத்தாக்கு வழியே கோரெமேக்கு நாலு கிலோமீட்டர். அந்தப் பக்கத்திலிருந்து வந்தால் பெரும்பாலும் இறக்கம். இன்னும் அழகு குல்லுதெரே, கிஸில்சுக்கூர் என்ற பள்ளத்தாக்குகள், இரும்புச் சத்து ஏறி ரோஜாவும் செம்மண்ணுமாக இருக்கும் அடுக்குகள், மாலை வெயிலில் பார்க்கவேண்டும். அங்கே தூண் கோயில் ஒன்று இருக்கிறது. வெளியில் சாதாரணப் பாறை, குனிந்து உள்ளே போனால் அரண்மனைக் கூடம். ஓடையைப் பாறைக்குள் சுரங்கமாகத் திருப்பிவிட்டு, அது ஓடிய தடத்தை வயலாக்கியிருப்பதையும் கவனியுங்கள். ஆப்ரிகாட் மரங்கள் நிற்பது அந்த நிலத்தில்தான். மழை பெய்த அன்று மட்டும் அந்தச் சுரங்கங்களில் நுழையக்கூடாது, பாதையும் சோப்புபோட்டதுபோல் வழுக்கும். பெரியவர்கள் நடக்கமுடியாவிட்டால் கிஸில்சுக்கூர் உச்சி வரை கார் போகும், அவர்களை அங்கே உட்காரவைத்துவிட்டு நீங்கள் இறங்கி ஏறலாம்.

இஹ்லாராவுக்கு ஒரு நாள் கொடுங்கள். மெலெந்திஸ் ஆறு எரிமலைப் படிவை நூறு மீட்டருக்குமேல் அறுத்துச் செய்த பள்ளம், சுமார் 14 கிலோமீட்டர், அடியில் நிழலும் தண்ணீரும். அங்கே இருக்கும் பாறை கோரெமேயைவிட இளையது, சுமார் 50 லட்சம் ஆண்டு, கெட்டியானது. அதனால்தான் கூம்பாகக் கரையாமல் சுவராக நிற்கிறது. பிரதான வாசலில் ஏறக்குறைய 400 படி. அப்பா அம்மாவோடு போவதால் பெலிசிர்மா ஊர்ப்பக்கம் காரில் இறங்குங்கள், ஆற்றோரத்திலேயே சாப்பாட்டுக் கடைகள் இருக்கின்றன. ரெட் டூர், கிரீன் டூர் என்று விற்கும் பேருந்துச் சுற்றுலா உங்களுக்கு வேண்டாம். நடுவே பானைக்கடை, நகைக்கடை என்று நிறுத்தி நேரத்தைத் தின்பார்கள். இரண்டு நாளுக்கு டிரைவரோடு கார் பேசிக்கொள்ளுங்கள்.

பலூன் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முதல் நாள் விடியற்காலைக்கே பதிவு செய்யுங்கள். காற்று சரியில்லை என்று விமானப் போக்குவரத்துத் துறை சொல்லிவிட்டால் அன்று ஒரு பலூனும் எழும்பாது, உங்களுக்கு அடுத்த மூன்று காலை கையில் இருக்கும். கடைசி நாளுக்கு வைத்தவர்கள் அழுதுகொண்டே விமானம் ஏறுவார்கள். கூடையில் கால்வைத்து ஏறவேண்டும், இறங்கும்போது முழங்காலை மடக்கி உட்காரவேண்டும். அம்மாவுக்கு முட்டிவலி என்றால் கோரெமேக்கு மேலேயுள்ள குன்றிலிருந்து நூற்றுக்குமேல் பலூன் ஒன்றாக எழுவதைப் பார்ப்பது எந்த விதத்திலும் குறைச்சல் இல்லை.

சாப்பாட்டில் சைவம் என்றால் பருப்பு சூப், கீரையோ பாலாடைக்கட்டியோ வைத்த கோஸ்லெமே ரொட்டி, முட்டை ஆகுமென்றால் தக்காளி முட்டை மெனெமென் கிடைக்கும். மண்பானை பீன்ஸ் சைவம்போலத் தெரியும், பல கடைகளில் கறி சேர்ப்பார்கள், கேட்டுச் சாப்பிடுங்கள். பானையை உடைத்துத் தரும் கபாப், பயணிகளுக்கான வேடிக்கை, ஒருமுறை போதும்.

இஸ்தான்புல்லிலிருந்து கைசேரி, நெவ்ஷெஹிர் இரண்டுக்கும் விமானம் உண்டு. நெவ்ஷெஹிர் கிட்டத்தில் இருக்கிறது, கைசேரிக்கு விமானம் அதிகம், அங்கிருந்து ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். இரவுப் பேருந்து பதினொரு மணி நேரத்துக்குக் குறையாது, பெரியவர்களோடு வேண்டாம். இந்திய பாஸ்போர்ட் என்றால், கையில் செல்லுபடியாகும் அமெரிக்க, பிரிட்டிஷ் அல்லது ஷெங்கன் விசா இருப்பவருக்கு இ-விசா கிடைக்கும், மற்றவர்கள் விண்ணப்ப மையம் வழியே ஸ்டிக்கர் விசா எடுக்கவேண்டும். அப்பா அம்மாவுக்கு அது தேவைப்பட்டால் இப்போதே ஆரம்பியுங்கள். விதிகள் மாறுவதால் துருக்கி அரசின் இ-விசா தளத்தில் ஒருமுறை சரிபார்த்துவிட்டு விமானச்சீட்டு போடுங்கள்.